நாலாவது கட்டம்

புகார்ப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள்.
தேதி. வண்டி எண். குறை.
நாலாவதற்கு 'எடுத்த நடவடிக்கை' என்று பெயர்.
பிறையில் தொழிற்சாலை பஸ் கம்பெனி ஒன்றுக்குப்
பதினோரு வருடமாய்க் கிராணி நான்.
அந்த நாலாவதில்
தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை தவிர
வேறெதுவும் விழுந்து பார்த்ததில்லை.

முதல் மூன்றையும் டிரைவர்களே எழுதுவார்கள்.
ரொசாலியின் எழுத்து இடப்பக்கம் சாயும்,
பிரேக் மிதித்தால் அவர் வண்டி இழுப்பதைப் போல.
வீரபுத்திரன் கொட்டை எழுத்தில்:
"வைப்பர் ஓடாது. மழைக்கு அது தெரியாது."
அஞ்சப்பன் மட்டும் தமிழில்.
"பின் இடது உள்சக்கரம். கம்பி தெரிகிறது."
அடுத்த வாரம், "அதே சக்கரம். அதே கம்பி."
அதற்கடுத்த வாரம்
டயரின் பள்ளத்தில் ஐம்பது காசை நிறுத்திப் பார்த்தாராம்.
நிற்கவில்லையாம்.
காசைப் பக்கத்தில் வைத்து டேப் போட்டிருந்தார்,
சாட்சிக்கு.

சில்லறை குறைந்த ஒரு காலையில்
அதைப் பெயர்த்து
நாசி லெமாக்குக்குக் கொடுத்தவள் நான்தான்.

டயரை மலாயில் தாயார் என்போம்.
"தாயார் போத்தாக்" என்று ரொசாலி தலையில் அடித்துக்கொள்ள,
"தாயாருக்கு மொட்டை போட்டாச்சு,
இனிக் காசிக்குத்தான் அனுப்பணும்" என்பார் அஞ்சப்பன்.
எல்லோரும் சிரிப்போம்.
வண்டி கிளம்பிப் போகும்.

பரிசோதனைக்கு முந்தின நாள்
ஆ கியோங் கடையிலிருந்து ஆறு புது டயர் வாடகைக்கு வரும்.
விளிம்பில் பூனைமயிர் உதிராத டயர்கள்.
ஒரு பகல் ஓடி, தேர்ச்சி பெற்று,
பெண்பார்க்கும் நாளின் இரவல் நகையாய்
சாயங்காலமே வீடு திரும்பும்.
ரசீதில் 'சில்லறைச் செலவு' என்று
நான் எழுதுவேன்.

மார்ச், விடிய ஐந்தே முக்கால்.
பாலத்தின் நடு மேட்டில்
பாதித் தூக்கத்தில் முப்பத்தெட்டுப் பேர்.
பட்டாசு என்று நினைத்ததாக
நேப்பாளத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்.
பஸ் இடப்பக்கம் போய்ச் சாய்ந்தது. தடுப்பு தாங்கியது.
அவளுக்கு முன்பல் இரண்டு.
அஞ்சப்பனுக்கு விலா எலும்பு.
கடலுக்கு ஒன்றுமில்லை.

மதியமே முதலாளி தனராஜா
நீலப் பேனாவோடு என் மேசைக்கு வந்தார்.
"நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க.
கட்டம் காலியா இருந்தா அசிங்கமா இருக்கும், இல்லையாம்மா?"
குரல் உயரவில்லை.
என் மகள் காலேஜில் சேர
முன்பணம் தந்தபோதும் இதே குரல்தான்.

எழுதினேன்.
வைப்பர் மாற்றப்பட்டது. பொய்.
பிரேக் சரிபார்க்கப்பட்டது. பொய், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.
அஞ்சப்பனின் வரிக்கு வந்தபோது
டேப் உரிந்த இடத்தில் காகிதம் மெலிந்திருந்தது.
மை மறுபக்கம் ஊறியது.

பின் இடது உள்சக்கரம் மாற்றப்பட்டது, ஆ கியோங் கடையில்,
என்று எழுதித் தேதி போட்டேன்.

தைப்பூசத் தேதி.

அன்று அந்தக் கடை திறக்காது.
காலண்டரில் அந்தக் கட்டம் சிவப்பு.
கடையை மூடிவிட்டு ஆ கியோங்
மூட்டைத் தேங்காயோடு தண்ணீர்மலைச் சாலையில் நிற்பார்.
இந்த வருடமும் நின்றார்.
பக்கத்தில் அஞ்சப்பன்,
எல்லோரும் முருகனைப் பார்க்க,
குனிந்து வெள்ளி ரதத்தின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் எந்த ஊரோ.
கிளந்தான்காரர் என்றால்
விரல் அந்தத் தேதியைத் தாண்டிப் போய்விடலாம்.

பேனாவை மூடிக் கொடுத்தேன்.
"நல்ல கையெழுத்தும்மா" என்றார் முதலாளி.

அவர் போன பிறகு
அந்த மெலிந்த இடத்தில் ஒட்டக் காசு தேடினேன்.
பையில் இருந்தது இரண்டு இருபதும் ஒரு பத்தும்.
கணக்கு சரிதான்.
ஆனால் இந்த மூன்றில் எதையும்
எந்தப் பள்ளத்திலும் யாரும்
நிறுத்திப் பார்த்ததில்லை.